வேற்றுக்கிரகப் படையெடுப்பை ஆட்டமேசைக்குக் கொண்டுவருவது எப்படி

அறிவியல் புனைவு ரோல்பிளே ஆட்டத்தில் (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை ஆட்டம்) வேற்றுக்கிரகப் படையெடுப்பை நடத்தும் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்திச் செல்பவர், பெரும்பாலும் முதல் மணி நேரத்திலேயே சறுக்கிவிடுகிறார். தலைநகரங்களின் மேல் கப்பல்கள் வந்து நிற்கின்றன, ராணுவங்கள் அழிகின்றன. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நான்கைந்து பேருக்கோ செய்தி பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் முதன்முதலில் எழுதிய ஆட்டமும் அப்படித்தான் முடிந்தது. பகடையை யாரும் மூன்று முறைக்கு மேல் உருட்டவில்லை. படையெடுப்பு உலகம் முழுவதும் நடக்கட்டும், ஆட்டம் ஓர் ஊருக்குள் நடக்க வேண்டும்.

முதலில், வருபவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீருக்காக வருகிறார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில், பூமியின் கடல்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிக நீர் இருப்பதாக விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள்; உலோகமோ சிறுகோள்களில் கிடைக்கும். அவற்றையெல்லாம் தாண்டி இங்கே வருகிறவர்களுக்குப் பூமியில் மட்டுமே உள்ள ஏதோ ஒன்று தேவைப்பட வேண்டும்: மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள், மனித உடல், அல்லது நாம் நாளை போட்டிக்கு வந்துவிடக் கூடாது என்ற அச்சம். எதை அழிப்பார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்பதை அந்தத் தேவைதான் தீர்மானிக்கும். நுண்ணுயிர்களைத் தேடி வந்தவர்கள் நிச்சயமாக அணுகுண்டு போடமாட்டார்கள்.

அடுத்தது களம். நடந்த சம்பவம் ஒன்றின் மேல் கதையை ஏற்றினால் பாதி வேலை மிச்சம். 2013 பிப்ரவரி 15 அன்று காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் அதை முன்கூட்டியே யாரும் கண்டுபிடிக்கவில்லை. வெளிச்சத்தைக் கண்டவர்கள் என்னவென்று பார்க்க ஜன்னலருகே போனார்கள். அதிர்வலை நகர மையத்தை வந்தடைய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பலரைக் கிழித்தது உடைந்த கண்ணாடிதான். இந்த இடைவெளியை அப்படியே முதல் காட்சியாக வையுங்கள். வானம் வெளுக்கிறது, சத்தமே இல்லை, ஒவ்வொருவரிடமும் "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஜன்னலுக்குப் போகிறவர் யார், குழந்தையைத் தூக்குகிறவர் யார் என்பதிலேயே கதாபாத்திரங்கள் வெளிப்பட்டுவிடும்.

அந்த விண்கல்லின் பெரிய துண்டு ஒன்று செபார்குல் ஏரியின் உறைபனியைத் துளைத்து உள்ளே விழுந்தது. அக்டோபரில்தான் அதை வெளியே எடுத்தார்கள். இடையில் எட்டு மாதங்கள் அது ஏரியின் அடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்விதான் நம் படையெடுப்பு. அந்த எட்டு மாதங்களை ஆறு கட்டங்களாகப் பிரித்து, வீரர்கள் (மேசையில் ஆடுபவர்கள்) ஒன்றுமே செய்யாவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கும் என்று எழுதுங்கள்: மீன்கள் கரையோரம் ஒதுங்குகின்றன, பனி உருகியபின் ஏரி நீரில் நுரை படர்கிறது, சேறு அள்ளிப்போட்ட தோட்டத்தில் எதுவும் அழுகுவதில்லை. வீரர்கள் தலையிட்டால் அட்டவணை மாறலாம். அவர்களுக்காக அது காத்திருக்கக் கூடாது.

படையெடுத்து வருபவர்களின் பலவீனத்தைக் கடைசி நிமிடத்தில் கண்டுபிடிக்கும் அதிசயமாக்காமல், தேவையிலிருந்தே வருவியுங்கள். உயிருள்ள சேறு வேண்டியவர்களுக்கு உப்பு பிடிக்காமலிருப்பது பொருந்தும். அதற்கான தடயங்கள் குறைந்தது மூன்று வேண்டும், மூன்றும் வெவ்வேறு இடங்களில். ஒன்றை வீரர்கள் கவனிக்கவே மாட்டார்கள், இன்னொன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். சாலையில் பனியை உருக்க உப்புத் தூவிய இடத்தோடு நுரை நின்றுபோவதை நீங்கள் வெறுமனே வர்ணித்தால் போதும், விளக்கம் சொல்ல வேண்டாம்.

ஆயுதங்கள், சண்டை எண்கள் போன்றவற்றை நீங்கள் ஆடும் விதிநூலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு ஒரு மாலைக்கு மேல் செலவிடாதீர்கள். அந்த நேரத்தை அக்டோபர் காட்சிக்குக் கொடுங்கள். நிஜத்தில் அந்தக் கல்லை எடைபோட்டபோது, 570 கிலோவைத் தாண்டியதும் தராசு உடைந்தது. உங்கள் ஆட்டத்தில் தராசு எந்த எண்ணைக் காட்டுகிறது என்பது அதுவரை வீரர்கள் ஏரியில் எத்தனை மூட்டை உப்பைக் கொட்டினார்கள் என்பதைப் பொறுத்தது.