நினைவகத்தை விவரித்து எழுதுவோம்: புதியவர்களுக்கான செய்முறை

திருகோணமலை உப்புவெளியில் மாலை நேரங்களில் என்னிடம் படிக்க வரும் உயர்தர மாணவர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "சேர், இந்தக் கணினிப் பலகையில் இவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று பணிசெயல் முறைமைக்கு யார் சொல்கிறார்கள்?"

யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். பணிசெயல் முறைமையின் மையப் பகுதியான கேர்னல் இருட்டில் தடவிப் பார்க்கப் போனால், நினைவகம் என்று நினைத்து ஏதோ ஒரு சாதனத்தின் பதிவகத்தில் கைவைத்துவிடும். ஆகவே அதற்கு முன் ஓடும் நிலைபொருள், வன்பொருளின் விவரத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலகுகிறது. மேசைக் கணினிகளில் இந்த வேலையை யூஇஎஃப்ஐ, 1996இல் வெளிவந்த ஏசிபிஐ என்ற இரண்டு தரநிலைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. சிறு பலகைகளில் சாதன மரம், அதாவது டிவைஸ் ட்ரீ: வன்பொருளைக் கிளை கிளையாக விவரிக்கும் கோப்பு. அதன் ஒவ்வொரு கிளையும் ஒரு கணு. இதன் வேர் 1994இல் வந்த ஓப்பன் ஃபேம்வெயார் தரநிலையில் இருக்கிறது. கைபேசிகளிலும் சிறு பலகைகளிலும் உள்ள ஆர்ம் செயலிகளின் உலகில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனிச் செய்நிரல் குவிவதைக் கண்டு, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011இல் கடிந்துகொண்ட பிறகுதான் அங்கும் இது வேரூன்றியது.

படி 1: எழுதப்பட்ட ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்

பலகை வாங்கத் தேவையில்லை. ஒரு கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளான கியூஎமுவில் ஆர்ம் செயலிக்கான 'விர்ட்' பொறியைத் தேர்ந்து, 'டம்ப்டிடிபி' என்ற விருப்பத்துடன் இயக்கினால் அதன் சாதன மரம் ஒரு கோப்பாக விழும். டிடிசி என்ற தொகுப்பியால் அதை வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். 'மெமரி' என்று தொடங்கும் கணுவில் இப்படி ஒரு வரி இருக்கும் (எண்கள் பதினறும முறையில்):

ரெஜ் = 0 40000000 0 8000000

படி 2: அந்த நான்கு எண்களை வாசியுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மரத்தின் உச்சியில் 'அட்ரஸ் செல்ஸ்', 'சைஸ் செல்ஸ்' என்று இரண்டு பண்புகள் உண்டு. இங்கே இரண்டின் மதிப்பும் 2. ஒரு செல் 32 பிற்று. ஆகவே முதல் இரண்டு எண்கள் சேர்ந்து தொடக்க முகவரி, அடுத்த இரண்டும் சேர்ந்து அளவு: 1 ஜிகாபைற்று எல்லையில் தொடங்கும் 128 மெகாபைற்று. அதே பண்புகளை 1 என்று மாற்றிவிட்டால் இதே வரி வேறு கதை சொல்லும். 0 என்ற முகவரியில் 1 ஜிகாபைற்று, மீண்டும் அதே 0இல் 128 மெகாபைற்று என்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துண்டுகள்! ஓர் எண்கூட மாறவில்லை. வாசிக்கும் விதி மட்டும்தான் மாறியது. நினைவகத்தை விவரிக்க ஒரு பொதுத் தரநிலை எழுத விரும்புகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எண்களை அல்ல, இந்த விதியைத்தான்.

படி 3: உள்ளதை மட்டும் எழுதுங்கள்

நான் வாங்கிய ஒரு பலகையுடன் வந்த விவரக் கோப்பில் 1 ஜிகாபைற்று என்று இருந்தது. பலகையில் இருந்ததோ 512 மெகாபைற்று. கணினி ஒழுங்காகத்தான் தொடங்கியது. நினைவகம் பாதி நிறைந்த பிறகே கோப்புகள் சிதையத் தொடங்கின. மேல் பாதி முகவரிகள் சுற்றிவந்து கீழ்ப் பாதியிலேயே விழுந்துகொண்டிருந்தன. புதிதாக எழுதியது பழையதை அழித்தது. மூன்று இரவுகள் என் செய்நிரலைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பலகையில் ஒட்டியிருக்கும் சில்லின் மேல் எழுத்தைப் படித்து, அதன் தரவுத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு: "பக்க அளவு இவ்வளவு வை", "இதை முதலில் பயன்படுத்து" போன்ற கட்டளைகளை இதில் எழுதக்கூடாது. அவை பணிசெயல் முறைமையின் முடிவுகள். இந்தக் கோப்பை லினக்ஸும் படிக்கும், ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு பணிசெயல் முறைமையும் படிக்கும்; ஒன்றின் வழக்கத்தை எழுதிவைத்தால் மற்றது தடுமாறும்.

படி 4: தொடக்கூடாத இடத்தைக் குறியுங்கள்

திருகோணமலைத் துறைமுகக் கரையில் கடற்படைத் தளமும் ஊரின் நிலம்தான். ஆனால் நாம் நுழைய முடியாது. ஊர் வரைபடத்தில் அது இல்லாவிட்டால் புதிதாக வருகிறவர் நேரே வாயிற்காவலரிடம் போய் நிற்பார். நினைவகத்திலும் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. 'ரிசர்வ்ட் மெமரி' என்ற கணுவைச் சேர்த்து, அதற்குள் 47000000இல் தொடங்கும் 1000000 அளவுள்ள பகுதியை எழுதுங்கள் (இவையும் பதினறும எண்கள்). நம் 128 மெகாபைற்றின் கடைசி 16 மெகாபைற்று அது. 'நோ மேப்' என்ற பண்பைச் சேர்த்தால் கேர்னல் அதைத் தன் வழக்கமான பக்க அட்டவணையில் (தான் பயன்படுத்தும் நினைவகத்தின் பட்டியலில்) சேர்க்காது. அதற்குப் பதில் 'ரியூசபிள்' என்றால், சாதனம் கேட்கும்வரை கேர்னல் பயன்படுத்தலாம், கேட்டதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பகுதிக்கு எழுதக்கூடாது.

படி 5: வேகத்தையும் சொல்லுங்கள்

பெரிய கணினிகளுக்கு மட்டும் இது தேவை. திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் வேறு. நினைவகமும் செயலிக்குச் செயலி அப்படித்தான்: பக்கத்தில் இருப்பது வேகம், தூரத்தில் இருப்பது தாமதம். சாதன மரத்தில் எந்த நினைவகம் எந்தச் செயலித் தொகுதியைச் சேர்ந்தது என்பதைக் கணு எண்ணால் குறிக்கலாம். ஏசிபிஐயில் 2017இல் வந்த 6.2 பதிப்பு, தாமதத்தையும், நொடிக்கு எவ்வளவு தரவு செல்லும் என்பதையும் எண்களாகவே எழுத அட்டவணை தந்தது.

படி 6: சோதியுங்கள்

திருத்திய மரத்தை மீண்டும் டிடிசியால் தொகுத்து, கியூஎமுவுக்குக் கொடுத்து லினக்ஸை ஏற்றுங்கள். நினைவகக் கணுவைக் கியூஎமு தானே புதிதாக எழுதிக்கொள்ளும். நீங்கள் சேர்த்த ஒதுக்கீட்டைத் தொடாது. பிறகு ரூட் பயனராக, 'ப்ரொக்' அடைவில் உள்ள 'ஐயோமெம்' கோப்பைத் திறவுங்கள். சாதாரணப் பயனருக்கு முகவரிகள் எல்லாம் 0 என்றே தெரியும், பயப்பட வேண்டாம். 40000000இல் 'சிஸ்டம் ராம்' தொடங்கி, 47000000இல் 'ரிசர்வ்ட்' என்ற தனி வரி வந்திருந்தால் உங்கள் விவரத்தைக் கேர்னல் படித்துவிட்டது. வராவிட்டால் படி 2க்குத் திரும்பி, ஒதுக்கீட்டுக் கணுவுக்குள்ளும் அந்த இரண்டு செல் பண்புகளை எழுதினீர்களா என்று பாருங்கள். என் மாணவர்கள் அதிகம் மறப்பது அதைத்தான்.