ஹாரிங்டன் ஜாக்கெட்: வாங்குவதிலும் பராமரிப்பதிலும் வரும் தவறுகள்

ஹாரிங்டன் என்பது இடுப்பளவில் நிற்கும், முன்னால் ஜிப் வைத்த மெல்லிய ஜாக்கெட். அது கையில் கிடைத்தால் நான் முதலில் முதுகுப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு துணி மடிப்பு இருக்கும். அதன் ஓரம் விரித்த குடையின் விளிம்பு போல வளைந்து வளைந்து போகும். மழைத்தண்ணீர் முதுகில் தங்காமல் வழிவதற்காக வைத்தது அது. என் பழைய ஜாக்கெட்டை ஜிப் மாற்றக் கொடுத்தபோது, தையல்காரர் அந்த ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டார். ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். ஊசித் தடம் இன்னும் தெரிகிறது. தைக்கக் கொடுக்கும்போது இந்த மடிப்பைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

1937இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மில்லர் சகோதரர்கள் தொடங்கிய பராகுட்டா நிறுவனத்தின் ஜி9 என்ற ஜாக்கெட்தான் இதற்கெல்லாம் மூலம். ஜி என்றால் கோல்ஃப். மட்டையை வீசும்போது தோள் பிடிக்கக் கூடாது என்றுதான் கையை ராக்லன் முறையில், கழுத்திலிருந்தே இறக்கித் தைத்தார்கள். இங்கேதான் அளவு தப்புகிறது. தோள்முனையில் தையலே கிடையாது, அதனால் சட்டைக்குப் பார்ப்பதுபோல் தோளை வைத்து அளவு பார்க்க முடியாது. மார்பையும் கை நீளத்தையும் பாருங்கள். கீழே உள்ள பின்னல் பட்டை இடுப்பு பெல்ட் அருகே நிற்க வேண்டும். தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு அளவு கூட்டி வாங்கினால் பட்டை தொடைப் பக்கம் இறங்கி, வயிற்றில் துணி மூட்டையாகத் தொங்கும்.

ஹாரிங்டன் என்பது கம்பெனிப் பெயர் இல்லை. 1964இல் தொடங்கிய 'பெய்டன் பிளேஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ரயன் ஓ'நீல் நடித்த ராட்னி ஹாரிங்டன் பாத்திரத்தின் பெயர் அது. லண்டன் ரிச்மண்டில் கடை வைத்திருந்த ஜான் சைமன்ஸ் அதை ஜாக்கெட்டுக்குச் சூட்டினார், அது நிலைத்துவிட்டது. இன்று பல நிறுவனங்கள் அந்தப் பெயரில் தைக்கின்றன. அதனால் பெயரைப் பார்த்து மட்டும் அசல் ஜி9 என்று முடிவு செய்யாதீர்கள். உள்துணியில் சிவப்புக் கட்டம் இருப்பதும் போதாது. பராகுட்டா போடுவது ஸ்காட்லாந்தின் ஃபிரேசர் குலத்துக் கட்டம். குலத் தலைவர் லோவட் பிரபுவிடம் 1938இல் அனுமதி வாங்கிப் போட்டது.

'ரெபல் விதவுட் எ காஸ்' என்ற 1955 படத்தில் நடிகர் ஜேம்ஸ் டீன் போட்ட சிவப்பு ஜாக்கெட்டையும் இதுதான் என்பார்கள். அது ஜி9 இல்லை. அதன் காலரைப் பாருங்கள், சட்டைக் காலர் போல மடிந்து விரிந்திருக்கும். ஜி9இன் காலர் இரண்டு பட்டன் போட்டால் கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்பது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1958இல் 'கிங் கிரியோல்' படத்தில் போட்டதுதான் ஜி9.

இது தூறலுக்கான ஜாக்கெட், ரெயின்கோட் அல்ல. கனமழையில் நனைந்துவிடும். அப்புறம், துவைப்பது. சுடுதண்ணீரும் டிரையரும் வேண்டாம், பின்னல் பட்டையின் இழுவை போய்விடும். ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டினாலும் தண்ணீரின் கனத்தில் பட்டை தளரும். ஜிப்பை மூடி, நிழலில் படுக்கையாக விரித்துக் காயப்போடுங்கள்.