ஃப்ரீசர் சென்சாரில் பேட்டரி நீடித்தது இப்படித்தான்

பட்டர்வொர்த்தில் மாமாவின் மீன் கிடங்கில், மைனஸ் 18 டிகிரி அறையில் வயர்லெஸ் வெப்பநிலை சென்சார்கள் மாட்டியிருக்கிறோம். வெளியே மாதக்கணக்கில் ஓடும் அல்கலைன் பேட்டரி உள்ளே சீக்கிரமே படுத்துவிடும். கழற்றி, குளிர் போனபின் மல்டிமீட்டரில் பார்த்தால் 1.4 வோல்ட் காட்டும், நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். விஷயம் என்னவென்றால், அல்கலைனுக்குள் இருப்பது நீர்க்கரைசல், கடுங்குளிரில் அயனிகள் மெதுவாக நகர்வதால் உள்மின்தடை ஏறிவிடுகிறது, சென்சார் சும்மா இருக்கும்வரை ஒன்றுமில்லை, ரேடியோ அனுப்பும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து கருவி அணைந்துவிடும்.

சரி, லித்தியம் டபுள் ஏ போட்டேன். அதே 1.5 வோல்ட், மைனஸ் 40 வரை தாங்கும். விலை கூடத்தான், ஆனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். மீன் கெட்டால் நஷ்டம் அதைவிடப் பெரிது.

அப்புறம் ரிசீவரைக் கதவுப் பக்கம் நகர்த்தினேன். தகரம் போர்த்திய சுவரில் சிக்னல் சிக்கினால் சென்சார் திரும்பத் திரும்ப அனுப்பியே பேட்டரியைக் குடித்துவிடும். அனுப்பும் இடைவெளியையும் 30 விநாடியிலிருந்து 5 நிமிடமாக்கினேன். உறைந்த மீன் அதற்குள் இளகாது.

புதிதாக வாங்குபவர்கள் ஒயர் முனை மட்டும் உள்ளே போகிற வகையை வாங்குங்கள், பேட்டரி வெளியிலேயே இருக்கும். இன்னொன்று, லித்தியம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜ் காட்டும். திரையில் வரும் சதவீதத்தை நம்பாமல், மாற்றிய தேதியைப் பெட்டியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.