கொழும்பில் வாய் திறக்கும் முன்: தமிழகத்திலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

வெள்ளவத்தையில் குடியேறிய முதல் வாரத்தில் ஒரு மயக்கம் வரும். காய்கறிக் கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ், மாடி வீட்டிலும் தமிழ். சொந்த ஊரில் இருப்பதாகவே தோன்றும். அரசியலும் ஊரில் பேசியதுபோலவே பேச வாய் துறுதுறுக்கும். அதற்கு முன் இலங்கை அரசியலமைப்பில் சில பக்கங்களைப் படித்துவிடுங்கள். தமிழிலேயே கிடைக்கிறது.

பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் அதன் 14ஆம் உறுப்புரையில் (நம் ஊரில் பிரிவு என்போம்) இருக்கின்றன. அவை பிரசைகளுக்கு, அதாவது இந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. வதிவிட விசாவில் இருக்கும் நமக்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டப்படி, பொதுநலனுக்கு நல்லது என்று அமைச்சர் கருதினாலே ஒரு வெளிநாட்டவரை நாடு கடத்தலாம். குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டும் என்பதில்லை.

நடந்தவை இவை. யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்த கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் நோர்வே குடிமகனாக 2013 நவம்பரில் வந்தபோது, விசா விதியை மீறினார் என்று கைது செய்து திருப்பி அனுப்பினார்கள். பிறந்த மண் என்பது செல்லுபடியாகவில்லை. 2022இல் கொழும்பில் அரசுக்கு எதிராக நடந்த காலிமுகத்திடல் போராட்டத்தைச் சமூக ஊடகத்தில் பதிவு செய்த பிரித்தானியப் பெண் ஒருவரின் விசாவை ரத்து செய்தார்கள். அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார், மனு எடுபடவில்லை.

ஆனால் நாம் கையறு நிலையில் இல்லை. சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதைக்கு ஆளாகாமை, சட்டத்தின்முன் சமத்துவம், காரணம் சொல்லாமல் கைது செய்யக்கூடாது என்பது ஆகிய 10 முதல் 13 வரையான உறுப்புரைகளின் முக்கியப் பாதுகாப்புகள் எவருக்கும் உண்டு. 2014இல் கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்ததற்காக ஒரு பிரித்தானியச் சுற்றுலாப் பயணியைப் பிடித்து அடைத்து, நாடு கடத்தினார்கள். அவர் விடவில்லை. 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு எட்டு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. (இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நம்முடைய உச்ச நீதிமன்றம். இந்தப் பெயர்க் குழப்பத்தில் தவறான இடத்துக்கு அலையாதீர்கள்.) அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வருத்தப்பட்டுக்கொண்டே அந்த நாட்களைக் கழித்துவிடக் கூடாது.

என்னோடு வேலை பார்த்த மதுரைத் தம்பி ஒருவர் ஓர் ஆர்ப்பாட்டத்தை ஓரமாக நின்று பார்த்தார். இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். துணைக்குப் போயிருந்தேன். வாக்குமூலம் சிங்களத்தில், நெருக்கமான கையெழுத்தில், ஒன்றரைப் பக்கம். பயத்தில் பேனாவைத் திறந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து, தமிழில் வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வாசித்தபோது, அவர் அந்தக் கூட்டத்தை "ஒழுங்கு செய்தார்" என்று ஒரு வரி இருந்தது. திருத்த அரைமணி நேரம் ஆனது. அந்த வரியோடு கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் இன்று இங்கே இருந்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஆகவே தயங்காமல் தமிழில் கேளுங்கள். பிடித்து வைத்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் எண் 1996. இதையும், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் தெரிந்த சட்டத்தரணி, அதாவது வழக்கறிஞர், ஒருவரின் எண்ணையும் தாளில் எழுதி, கடவுச்சீட்டின் நகலோடு பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். விசாரணை என்று போனால் முதலில் வாங்கி வைப்பது கைபேசியைத்தான்.