செகண்டரி டிஎன்எஸ்: இருந்தும் உதவாமல் போவது எப்போது?

பெயருக்குப் பின்னால் புள்ளி விட்டுப்போவது, செமிகோலன் மறப்பது எல்லாம் இங்கே வேண்டாம். டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் மென்பொருளான பைண்ட் ஓட்டுகிற எவரும் முதல் வாரத்திலேயே அதைக் கற்றுக்கொள்வார்கள். செகண்டரியை, அதாவது பிரைமரி என்ற மூல சர்வரிடமிருந்து நகல் எடுத்து வைத்திருக்கும் சர்வரை, ஸ்டெப்னி மாதிரி நினைப்பதுதான் வில்லங்கம். எது பிரைமரி என்று ரிசால்வர் (பயனருக்காகப் பெயரைத் தேடும் சர்வர்) பார்ப்பதில்லை. என்எஸ் ரெக்கார்டில் (டொமைனின் டிஎன்எஸ் சர்வர் பட்டியல்) உள்ள எல்லா சர்வரையும் மாற்றி மாற்றிக் கேட்கும். செகண்டரியில் பழைய தகவல் கிடந்தால் இன்றைக்கே பாதிப்பு.

சீரியல் எண்

ஏ ரெக்கார்டை (பெயருக்கான ஐபி முகவரி) மாற்றி, ரீலோட் கொடுத்து, பிரைமரியிடமே டிக் (டிஎன்எஸ் கேட்கும் கட்டளை) அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிறார்கள். ஸோனின் (டொமைனின் ரெக்கார்டுத் தொகுப்பு) தலைப்பு ரெக்கார்டான எஸ்ஓஏ-வில் சீரியல், அதாவது பதிப்பு எண், பழையபடியே இருக்கும். செகண்டரி பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான். கூடவில்லை என்றால் ஸோனை இழுக்காது. சீரியல் மாறவில்லை என்று பிரைமரியின் லாக்கில் ஒரு வரி விழுந்திருக்கும், படிக்கத்தான் ஆளில்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் புது சர்வருக்கும் மீதிப் பேர் பழையதற்கும் போவார்கள். பழி கேஷ் (ரிசால்வர்கள் சேமித்து வைக்கும் பழைய பதில்) மேல் விழும்; ‘24 மணி நேரம் பொறுங்கள்’ என்று பதிலும் போகும். எத்தனை நாள் பொறுத்தாலும் மாறாது.

இதைவிட மோசம், 2025011401 என்பதை 2052011401 என்று அடித்துவிடுவது. பைண்ட் அதை ஏற்கும், செகண்டரியும் எடுத்துக்கொள்ளும். பிறகு 2025-க்குத் திருத்தினால், ‘என்னிடம் இருப்பதே பெரியது’ என்று செகண்டரி மறுக்கும். செகண்டரி உங்கள் கையில் இருந்தால் அங்கே ஆர்என்டிசி (பைண்டை இயக்கும் கட்டளை) ரீட்ரான்ஸ்ஃபர் கொடுங்கள், சீரியலைப் பார்க்காமல் இழுத்துவிடும். வேறொருவரிடம் இருந்தால், தவறான எண்ணோடு 2147483647-ஐக் கூட்டி 4199495048 என்று போடுங்கள். எல்லா செகண்டரியும் அதை எடுத்தபின் 2025011402 என்று மாற்றுங்கள். 32 பிட் எண் சுற்றி வருவதால் அதுவே ‘பெரியது’ ஆகிவிடும். இடையில் அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு சர்வரிடமும் தனித்தனியாக எஸ்ஓஏ கேட்டுப் பாருங்கள்.

டிசிபி 53

ஃபயர்வாலில் டிஎன்எஸ்-க்கான போர்ட் 53-ல் யுடிபியை மட்டும் திறந்தால் கேள்விக்குப் பதில் போகும். ஸோன் டிரான்ஸ்ஃபர் (செகண்டரி ஸோனை இழுப்பது) டிசிபியில் போவதால் நடக்காது.

எக்ஸ்பயர்

பிரைமரி கிடைக்காதபோது செகண்டரி எத்தனை நொடி தாங்கும் என்பதைச் சொல்லும் எஸ்ஓஏ எண் இது. 86400 என்று போட்டிருந்தால், வெள்ளி இரவு பிரைமரி படுத்தால் சனி இரவுக்குள் செகண்டரியும் சர்வ்ஃபெயில் (பதில் தர முடியாது என்ற பிழை) சொல்லத் தொடங்கும். 1209600 வையுங்கள், 14 நாள் தாங்கும்.

எழுத அனுமதி

உபுண்டுவில் செகண்டரியின் ஸோன் ஃபைலை ஈடிசி-க்குக் கீழே உள்ள பைண்ட் டைரக்டரியில் (/etc/bind) வைத்தால் ஆப்ஆர்மர் (உபுண்டுவின் பாதுகாப்புக் கட்டுப்பாடு) எழுத விடாது. நினைவகத்தில் ஸோன் ஓடிக்கொண்டிருப்பதால் வெளியே தெரியாது. பிரைமரி இல்லாத நேரத்தில் ரீஸ்டார்ட் ஆனால் கையில் ஒன்றும் இருக்காது. வார்-இன் கேஷில் உள்ள பைண்ட் டைரக்டரிதான் (/var/cache/bind) அதற்கு இடம்.

ஒரே நெட்வொர்க்

2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் நான்கு டிஎன்எஸ் சர்வர்களும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. ரவுட்டர் அமைப்பில் செய்த ஒரு தவறான மாற்றம் நான்கையும் மறைத்தது.

ரிஜிஸ்ட்ரார்

டொமைனைப் பதிவு செய்த நிறுவனம்தான் இது. செகண்டரியின் பெயரை அங்கேயும் சேருங்கள்.