செக்கு எண்ணெய்தானே என்று பருப்பைப் பார்க்காமல் விடாதீர்கள்

வேர்க்கடலைக்கு எங்கள் வேலூர்ப் பக்கம் மல்லாட்டை என்று பெயர். மணிலா என்பவர்களும் உண்டு. ஆரணி, போளூர், அணைக்கட்டு, குடியாத்தம் என்று வட ஆற்காட்டின் மானாவாரிக் காட்டில் ஆடி மழைக்கு விதைப்பது பெரும்பாலும் இதைத்தான். எங்கள் வீட்டுத் தாளிப்பும் வடையும் இதன் எண்ணெயில்தான். இப்போது ஊருக்கு ஊர் மரச்செக்கு திரும்பி வந்திருப்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் செக்கில் ஆட்டியது என்றாலே சுத்தம் என்று நம்பி, உள்ளே போகும் பருப்பைப் பார்க்காமல் விடுகிறோம். நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

போன கார்த்திகையில் பத்து கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு செக்குக்குப் போனேன். கொஞ்சம் விலை குறைவு என்று வாங்கியது. அங்கேயே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கொட்டிப் பார்த்தேன். மேலாக இருந்தவை நன்றாகத்தான் இருந்தன. கையை விட்டுக் கிளறினால், தோல் கறுத்துச் சுருங்கியவை வந்தன. ஒன்றை இரண்டாகப் பிளந்தேன். நடுவில் மஞ்சளும் பச்சையும் கலந்த மாவு மாதிரி பூஞ்சணம். “ஆட்டிட்டா ஒண்ணும் தெரியாதுக்கா” என்றார் செக்குக்காரர். தெரியாது என்பதுதானே பிரச்சினை! உட்கார்ந்து பொறுக்கினதில் ஒரு கிலோவுக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பச்சைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் இருந்தது கடலைப் புண்ணாக்கு. இந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். புற்றுநோய் உண்டாக்கும் என்பதும் உறுதியானது. அடுப்புச் சூட்டில் வதக்கினாலும் பொரித்தாலும் முழுதாக அழியாது. மில்லில் ரீஃபைன் செய்யும்போது காரமும் (அல்கலி) வெளுக்கிற ஒருவகைக் களிமண்ணும் சேர்த்துச் சுத்தம் செய்வதால் பெரும்பகுதி போய்விடும். செக்கில் அந்த வேலை கிடையாது. நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கோடு போகும், மிச்சம் எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய கசடோடு நம் வாணலிக்கு வரும். புண்ணாக்கோடு போனதும் தொலைந்துவிடாது. அதைத் தின்ற மாட்டின் பாலில் அது வேறு வடிவில் திரும்பி வரும்.

இது ஏன் நம் பக்கம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது என்றால், ஆடியில் விதைத்ததைப் பிடுங்குவது ஐப்பசி வாக்கில். வடகிழக்கு மழை தொடங்குவதும் அப்போதுதான். பிடுங்கிப் போட்ட செடி நனையும், ஆய்ந்த காய் சரியாகக் காயாது. உடைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று காயில் தண்ணீர் தெளிக்கிற பழக்கமும் இருக்கிறது. பூஞ்சணத்துக்கு அது விருந்து. வருஷத்துக்கு ஆட்டி வைப்பவர்கள், தண்ணீர் பாய்ச்சும் இறவையில் மார்கழி, தையில் விதைத்துச் சித்திரை வெயிலில் காய்ந்த காயாகத் தேடி வாங்கலாம். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஓட வேண்டும்.

விலையையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செக்கில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். எண்ணெய் விலை அந்தப் பருப்பு விலையை விடவும் குறைவாக இருந்தால், கலப்படமோ கழிசல் பருப்போ என்று சந்தேகப்படுங்கள். உறைகிறதா என்று ஃப்ரிட்ஜில் வைத்துக் கலப்படம் சோதிப்பதை நம்ப வேண்டாம். நல்ல மல்லாட்டை எண்ணெயும் குளிரில் கலங்கி உறையும், பாமாயிலும் உறையும்.

அப்புறம் சத்தும் அளவும். மல்லாட்டை எண்ணெயில் ஏறக்குறைய பாதி, ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஒலீயிக் அமிலம் என்கிற கொழுப்பு. வனஸ்பதிக்கோ பாமாயிலுக்கோ பதிலாக இதைச் சேர்த்தால் கெட்ட கொழுப்பு குறைய உதவும். வைட்டமின் ஈ-யும் உண்டு. ஆனால் ஒமேகா-3 இல்லவே இல்லை என்று சொல்லலாம்; மீனோ ஆளி விதையோ சேர்த்துத்தான் அதை ஈடுகட்ட வேண்டும். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, செக்கு என்பதற்காக அது குறையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பாக்கெட்டில் போட்டிருப்பதில் விசேஷம் ஒன்றும் இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது.

செக்கு எண்ணெய் 160 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கும். தாளிக்க, வதக்க, பொடிக்கு ஊற்றிக்கொள்ள அருமை; நிறைய வடை பூரி போடுகிற நாளில் ரீஃபைன் செய்ததே மேல். பொரித்த எண்ணெயில் புதிதைக் கலந்து கலந்து ஓட்டாதீர்கள். ஆட்டிய எண்ணெயைத் துணி கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் தெளிய வைப்பது சரி. அதையே கண்ணாடி பாட்டிலில் ஜன்னலோரம் வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். எவர்சில்வர் தூக்கில், இருட்டு அலமாரியில் வையுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் செக்கு எண்ணெயே வேண்டாம், அதில் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும்.

அன்று ஒதுக்கிய பருப்பைக் கோழிக்குப் போடலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வான்கோழிக் கதையைச் சொன்னதும் அவரே கொல்லையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டார்.