மானியத்தைப் பற்றி வாதாடப் போகிறவர்களுக்கு

திருகோணமலை டச்சுக் குடாக் கடற்கரையில் ஞாயிறு பின்னேரங்களில் நானும் மச்சானும் உட்காருவது வழக்கம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் திருக்கடலூரில் ஒரு மீனவர் சங்கத்துக்கு 19 வருடம் பொருளாளராக இருந்தவன். பேச்சு நெத்தலி விலையில் தொடங்கினாலும் கிரிக்கெட்டில் தொடங்கினாலும், அரசாங்கம் யாருக்குக் காசு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதில்தான் போய் நிற்கும். 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் கொடுப்பனவுக்கான பட்டியல் வந்த நேரம் இந்தப் பேச்சால் ஒன்றரை மாதம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தோம். என் மனைவிதான் கறிச்சட்டியும் கையுமாக இரண்டு வீட்டுக்கும் நடந்தாள்.

இந்தச் சண்டையை ஒழுங்காகப் பிடிப்பது எப்படி என்று இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, நீங்கள் வாங்கியதை நீங்களே சொல்லிவிடுவது. "எனக்கு அரசாங்கம் ஒரு சதமும் தந்ததில்லை" என்று வாயைத் திறந்தீர்களோ, அந்த இடத்திலேயே தோற்றீர்கள். நான் அப்படித் திறந்துதான் மாட்டினேன்.

2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. என் வள்ளத்து எஞ்சினுக்கு ஒரு நாளைக்கு 20 லீட்டர் வேண்டும். முதல் நாள் 1,740 ரூபா, மறுநாள் 6,800 ரூபா. வலையில் என்ன விழும் என்று தெரியாமல் அவ்வளவு காசைக் கடலில் ஊற்ற முடியுமா? பல நாள் வள்ளம் கரையிலேயே கிடந்தது. கோபத்தில் மச்சானிடம் கத்தினேன்: ஏழையின் வயிற்றில் அடிக்கிறார்கள், அங்கே நட்டத்தில் ஓடும் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தான், 87 ரூபா எண்ணெயில வள்ளம் மட்டுமா ஓடினது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓடிய பஸ்களும் லொறிகளும் ஊரறிந்த கதை. அதோடு விடவில்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டத்துக்கு விற்றது, நட்டத்தை அடைக்க அரச வங்கிகளில் கடன் வாங்கியது, கடன் மலைபோலக் குவிந்து வங்கிகள் தள்ளாடின என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு 2024 வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 450 பில்லியன் ரூபா ஒதுக்கியபோது பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்தார். "இதில உங்கட எண்ணெயும் கொஞ்சம் இருக்கு" என்றார்.

நான் சும்மா விடவில்லை. 60 வயது தாண்டியவர்களின் நிலையான வைப்புக்கு 15 சதவீத வட்டி கிடைத்த காலம் நினைவிருக்கிறதா? சந்தை வட்டிக்கு மேலே இருந்த மிச்சத்தைத் திறைசேரி போட்டது. 15 இலட்சம் வரை வைக்கலாம். மச்சான் சரியாக 15 இலட்சம் வைத்திருந்தார். 2022இல் அது நின்றபோது அவர் போட்ட சத்தம் உட்துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். அதை எடுத்து வைத்தேன். "அது என்ர உழைப்பு" என்றார். முதல் உங்கள் உழைப்பு, மேலதிக வட்டி யாருடையது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அன்றைக்குத்தான் நாங்கள் உருப்படியாகக் கதைக்கத் தொடங்கினோம்.

ஆகவே, வாதம் தொடங்கும் முன் ஆளுக்கொன்று ஒப்புக்கொள்ளுங்கள். உரப்பை, உணவு முத்திரை, இலவசப் பாடப்புத்தகம், பல்கலைக்கழகத்தில் படித்த மகன், ஓய்வூதியம், தீர்வைச் சலுகையில் வாகனம் எடுக்கும் அனுமதிப்பத்திரம், எதுவாகவும் இருக்கலாம். ஒன்றும் வாங்காத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அடுத்தது சொற்கள். பக்கத்து வீட்டுக்கு மாதாமாதம் அஸ்வெசும வந்தால் அது "சும்மா காசு". வங்கிக்கு வந்தால் "பலப்படுத்தல்". ஹோட்டல் முதலாளிக்குக் கடன் தவணை தள்ளிப் போனால் "சலுகைக் காலம்". 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், நம் மாவட்டமும் அதில் ஒன்று, பெண்கள் நுண்நிதி நிறுவனங்களில் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது மட்டும் அது "தள்ளுபடி", "கடன் கட்டாத பழக்கம்". சொல்லிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நானும் மச்சானும் இப்போது எல்லாவற்றையும் "அரசு காசு" என்றுதான் சொல்கிறோம். கொஞ்சம் அபத்தமாக இருக்கும், ஆனால் பாதிச் சூடு அதிலேயே தணிந்துவிடும்.

யார் கட்டுகிறார்கள் என்று கேட்காமல் எழும்பிப் போகாதீர்கள். "வரி கட்டுகிறவன் நான், தின்கிறவன் அவன்" என்று யாராவது சொல்வார்கள். வருமான வரியைச் சொல்கிறார். வற் வரி 2019 டிசம்பரில் 8 சதவீதம், 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். சவர்க்காரம் வாங்குகிற, போனுக்கு ரீலோட் போடுகிற எல்லோரும் அதைக் கட்டுகிறார்கள், அஸ்வெசும பட்டியலில் இருப்பவரும்தான். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது பெரும் சுமை ஊழியர் சேமலாப நிதியின் மேல் விழுந்தது, வங்கிகளை விட்டுவிட்டார்கள். இந்த இடத்தில் மச்சானும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. வங்கி விழுந்தால் சங்கத்தின் பாஸ்புத்தகமும் சேர்ந்து விழும் என்கிறார் அவர். அது உண்மைதான். அப்படியானால் வங்கியின் பங்குதாரர் முதலில் கொஞ்சம் நோக வேண்டாமா, தொழிலாளியின் கடைசிக்காலக் காசுதானா முன்னுக்கு நிற்க வேண்டும் என்பது என் கேள்வி.

இனிப் பட்டியல். இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஒரு காலத்தில் பட்டியல் எழுதியவன்.

சுனாமிக்குப் பிறகு முகாமில் பெயர் எடுக்கும் வேலையை எங்கள் சங்கத்திடமும் கொடுத்தார்கள். ஆளுக்கு வாரம் 375 ரூபா, அதில் 200 காசு, 175க்குப் பொருள். குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா தனி. நான் குடும்பத் தலைவர், அடையாள அட்டை இலக்கம், தலைக்கணக்கு என்று கோடு போட்டு எழுதினேன். ஒரு பெண்ணின் புருஷனைக் கடல் கொண்டுபோயிருந்தது, அட்டையும் போய்விட்டது. "தலைவர்" என்ற கோட்டில் எழுத ஆளில்லாமல் அவளுடைய வரியைப் பிறகு நிரப்பலாம் என்று விட்டேன். பிறகு மறந்தேன். மூன்று கிழமை அவள் வரிசையில் நிற்கவேயில்லை, நானும் கவனிக்கவில்லை. அதே பட்டியலில் வீட்டுக்குச் சுனாமித் தண்ணீரே வராத ஒருவரின் பெயர் இருந்தது. அவரைப் பற்றி நாலு பேர் என்னிடம் வந்து முறையிட்டார்கள். அவளைப் பற்றி ஒருவரும் வரவில்லை.

பட்டியலில் பிழை இரண்டு விதம். வரக்கூடாதவர் வந்துவிடுவது ஒன்று, வரவேண்டியவர் விடுபடுவது மற்றது. முதலாவது மோட்டார் சைக்கிளில் வந்து காசு எடுக்கும், எல்லோர் கண்ணிலும் படும். இரண்டாவது வீட்டுக்குள் இருக்கும். "எனக்குத் தெரிந்த ஒருவன் இருக்கிறான்" என்று யாராவது தொடங்கினால், சரி, விடுபட்ட ஒருவரையும் தெரியுமா என்று கேளுங்கள். வடிகட்டியை இறுக்கினால் இரண்டாவது பிழை கூடும், தளர்த்தினால் முதலாவது கூடும். எந்தப் பிழையைச் சகிப்பது என்பதுதான் உண்மையான அரசியல் வித்தியாசம். மச்சான் ஒரு பக்கம், நான் மறுபக்கம். இதில் யாரும் முட்டாள் இல்லை.

அஸ்வெசுமவில் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று 22 அளவுகோல்கள் வைத்தார்கள். அதற்கு முந்திய நிவாரணமான சமுர்த்திக் காலத்தில் ஆள் பார்த்து எழுதியதை விட இது மேல் என்பது மச்சான் கட்சி. எங்கள் ஒழுங்கையில் மாடிவீடு ஒன்று இருக்கிறது, கட்டார் காசில் அரைவாசி கட்டியது, பூச்சு இல்லை. கட்டியவர் நோயோடு திரும்பிப் படுத்திருக்கிறார். மாடிக்குப் புள்ளி உண்டு, வெறும் பானைக்குப் புள்ளி இல்லை. நாடு முழுக்க 9 இலட்சத்துக்கு மேல் மேன்முறையீடு போனது சும்மா இல்லை.

பழைய கதையை இழுப்பவர்களிடம் கவனமாக இருங்கள். 1953ஐ யாராவது எடுப்பார்கள். கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது, ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால், அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். மானியத்தில் கை வைத்தால் ஆட்சி போகும் என்பார் ஒருவர். மானியத்தை நிறுத்தத் துணிவில்லாததால்தான் நாடு இப்படியானது என்பார் மற்றவர். கொரிய யுத்தத்தின் இறப்பர் விலை இறங்கியதையும் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியதையும் இருவருமே சொல்ல மாட்டார்கள். அந்தக் கதையால் ஒருவரும் வென்றதை நான் காணவில்லை. தேத்தண்ணிதான் ஆறும்.

பேச்சு "அவையளுக்கு மட்டும் கிடைக்குது" என்று திரும்பினால் என்ன செய்வது? திருகோணமலையில் இது வராமல் போகாது. மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊர், ஒரே வரிசையில் நிவாரணத்துக்கு நின்ற ஊர். 2005 ஜூனில் அரசாங்கமும் புலிகளும் சுனாமி நிவாரணத்தைப் பகிர்வதற்கான பொதுக் கட்டமைப்பில் கையெழுத்து விழுந்தது. அதை எதிர்த்து ஜே.வி.பி. கட்சி கையெழுத்துக்கு முன்பே அரசிலிருந்து வெளியேறியிருந்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் முக்கிய பகுதிகளுக்குத் தடை போட்டது. யார் கையால் கொடுப்பது என்ற சண்டையில் வீடில்லாதவன் கூடாரத்தில் இருந்தான். அந்தக் கூடாரத்தில் நானும் இருந்தேன். அதனால் இந்த இடத்தில் எனக்குப் பொறுமை குறைவு. "எந்தப் பிரிவு, எத்தனை குடும்பம், பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது?" என்று கேட்பேன். பிரதேச செயலகத்தில் போய்ப் பார்க்கலாம், ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். போய்ப் பார்க்காதவர் அதோடு வேறு கதைக்குப் போய்விடுவார்.

தேர்தல் காலத்துக்கு ஒரு குறிப்பு. வேட்பாளர் நிவாரணம் தருகிறேன் என்றால் கை தட்டும் முன் எவ்வளவு காலத்துக்கு, எந்தக் காசில், யார் பட்டியல் எழுதுவது என்று கேளுங்கள். நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். முதல் இரண்டுக்கும் நீண்ட பேச்சு வந்தது. மூன்றாவதுக்கு, "எங்கட ஆள் வீட்டுக்கு வருவார் அண்ணை" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

எப்போது வாதத்தை நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது மேன்முறையீட்டுப் படிவத்தோடு படலையைத் திறந்தால் உடனே நிறுத்துங்கள். அவர் தகுதியா இல்லையா என்பதைப் பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள். அடையாள அட்டைப் பிரதி, மின் பட்டியல், வைத்தியசாலைத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் பாதிப்பேர் இருக்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்லும் மச்சான், அந்த வருடம் எங்கள் விறாந்தையில் இருந்து 11 பேருக்குப் படிவம் நிரப்பினார். மாடிவீட்டுக்காரருக்கும் அவர்தான் எழுதினார். நான் எழுதியிருக்கலாம்தான், ஆனால் என்னுடைய கையெழுத்தைக் கிராம சேவகரால் வாசிக்க முடியாது.